அண்ணன் கொடுத்த சாம்பிள்

என் அண்ணன் மெலிந்தபோது, அவனுக்குப் புற்றுநோய் என்று போடியில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அப்போது அவனுக்கு நோய் எதுவும் இல்லை. இருந்த நோய்களும் போயிருந்தன. சில வருடம் கழித்து நிஜமாகவே ரத்தப் புற்றுநோய் வந்தபோது, அதே ஆட்கள், "இப்பத்தான் உங்க அண்ணன் ஆளு தெளிவா இருக்காரு" என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு நிற்கிற நேரத்தில் ஆட்களுக்கு வேறு சோலி கிடையாது. அதனால் ஊரின் தீர்ப்புகள் எல்லாம் முதலில் எனக்குத்தான் வந்து சேரும்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் பார்க்கிறான். மெலிவதற்கு முன்னால், காலையில் ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பின் முன் சீட்டில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. "அண்ணே, நீங்க ஏறுனா வண்டி ஒவ்வொரு வளைவுலயும் நின்னு யோசிக்குதுண்ணே" என்று டிரைவர் அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார். அண்ணனும் சிரிப்பான். வீட்டில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி தேய்மானம் எல்லாம் இருந்தன. தூக்கத்தில் அவ்வப்போது மூச்சு நின்று நின்று வரும். மதினி பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு நிம்மதியான தூக்கம் என்பதே போயிருந்தது.

உடம்பைக் குறைக்கக் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையில் கோழிமுட்டை அளவுக்கு மட்டும் ஒரு பை விட்டு மீதியை ஒதுக்கிவிட்டு, குடலின் முதல் பகுதியைத் தாண்டி, அதற்குக் கீழே இருப்பதைக் கொண்டுவந்து அந்தப் பையோடு இணைத்துவிடுவது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒரே விளக்கம்தான் கொடுப்பான். தேனிக்குள்ளே போகாமல் வண்டியைப் பைபாஸில் விடுகிற மாதிரி, சோறு இப்போது வெளியே சுற்றிப் போகிறது என்பான். உடம்பு கடகடவென்று இறங்கியது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். சட்டைகளை எல்லாம் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்தான். ஒரு சட்டைக்குள் இரண்டு பேர் நுழையலாம் என்று அவர்கள் சிரித்தார்கள்.

ஊருக்கு மட்டும் இது பிடிபடவில்லை. நல்லா இருந்த மனுசன் இப்படி வற்றிப்போனால் அது அந்த நோயாகத்தான் இருக்கும் என்று பேச்சு. கடைக்கு வந்த ஒருவர் குரலைத் தாழ்த்தி, எந்த ஸ்டேஜு என்று என்னிடமே கேட்டார். தேவாரம் பஸ் ஸ்டேஜு, இறங்குறீங்களா என்றேன். அதற்குப் பிறகு அவர் வேறு கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறார்.

நிஜ நோய் வந்தபோது அதற்கு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. ஒரு காய் எடுப்பு சமயம், மெட்டு ஏறி இறங்கினால் அசதியாக இருக்கிறது என்றான். ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சத்துக் குறைவு வரும், அதுதான் என்று நினைத்து ரத்தம் பரிசோதித்தோம். வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே புற்றுநோய்ப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இது ரத்தப் புற்றுநோயில் மெதுவாக நகரும் வகை, தினம் மாத்திரை போட்டால் போதும், சர்க்கரைக்காரர்கள் மாதிரி வருடக்கணக்கில் இருக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். நாங்கள் பயந்துபோன பயத்துக்கு அது பெரிய ஆறுதல். வேறு ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார். சர்க்கரையும் பிரஷரும் இருந்துச்சு, இப்ப ரெண்டும் இல்லை என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான். வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது என்றும் சொன்னான். யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள். அத்தோடு அது முடிந்தது.

மதுரைக்கு நான்தான் கூடப் போவேன். ஆஸ்பத்திரி வாடை பட்டாலே மதினிக்கு மயக்கம் வரும். போதாததற்குத் தோட்டத்தில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். எனக்கு என்ன, கடையைச் சாத்தினால் ஊர் ஒரு நாள் ஜெராக்ஸ் இல்லாமல் இருந்துகொள்ளும். என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். அப்பா அம்மா இல்லை. அண்ணனுக்கு நான் ஒருத்தி, எனக்கு அவன் ஒருத்தன்.

சில மாதத்துக்கு ஒரு முறை, ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு பரிசோதனை செய்வார்கள். அந்த அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். முதல் தடவை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அடுத்த தடவையும் அங்கேயே நின்றது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். சாப்பிடுறேன் என்றான். தினமுமா என்றார். தினமும்தான் என்றான். நடுவில் விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும், நிறையப் பேர் விட்டுவிட்டுச் சொல்ல மாட்டார்கள் என்றார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்ததும், "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பயலா?" என்று என்னிடம் கத்தினான்.

நானும் அவனைச் சந்தேகப்பட்டேன் என்பதுதான் உண்மை. ஆபரேஷனுக்குப் பிறகு இனிப்பு தின்னக் கூடாது, தின்றால் வியர்த்துக் கொட்டி மயக்கம் வரும் என்று சொல்லியிருந்தும், கல்யாண வீட்டில் லட்டை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வந்தவன் அவன். மதினியோ ஒரு படி மேலே போனாள். காலையில் பக்கத்தில் நின்று மாத்திரையை வாயில் போடச் சொல்லி, விழுங்கின பிறகு வாயைத் திறந்து காட்டு, நாக்கைத் தூக்கு என்று ஆரம்பித்தாள். ஆள் வைத்து வேலை வாங்குகிற மனுசன் சமையலறையில் நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு நாள் டம்ளரைத் தூக்கி எறிந்தான். அந்த வீட்டில் அப்போதெல்லாம் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

விஷயம் பிடிபட்டது அரை இட்லியால்.

அடுத்த தடவை போயிருந்தபோது டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாக முதலிலிருந்து சொன்னார். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும், அப்படிச் செய்கிறீர்களா என்றார். செய்யுறேன் என்றான் அண்ணன். எனக்கு ஒரு மாதிரி எரிச்சலாகிவிட்டது. இவன் எங்கே வயிறு நிறையத் தின்கிறான்? காலையில் அரை இட்லி, அதற்கு மேல் இறங்காது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்க முடியாது, கொஞ்ச நேரம் விட்டு வாய் வாயாகத்தான் குடிப்பான். அதை அப்படியே சொன்னேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். ஏன் அரை இட்லி என்றார். அப்புறம்தான் அந்த ஆபரேஷனை, கோழிமுட்டையிலிருந்து பைபாஸ் வரைக்கும், முழுசாக விளக்க வேண்டியதாயிற்று. அண்ணன் பாவம், பொய் சொல்லவில்லை. அவனுக்கு அரை இட்லிதான் வயிறு நிறைந்த சாப்பாடு. வயிறு நிறையச் சாப்பிட்டாயா என்று யார் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வான்.

அவர் ஒரு தாளை எடுத்து வயிறும் குடலும் வரைந்தார். மாத்திரை கரைவதற்கு இரைப்பை வேண்டும், கரைந்த மருந்து ரத்தத்துக்குள் ஏறுவது பெரும்பாலும் குடலின் மேல் பகுதியில், உங்களுக்கு இரண்டும் வழியில் இல்லை என்றார். விழுங்கினது அத்தனையும் ரத்தத்தில் சேராமலே போயிருக்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் மாறும், ஊகத்தில் எதுவும் செய்யக் கூடாது, அளந்து பார்த்துவிடலாம் என்றார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு பரிசோதனை உண்டாம், வெளியூருக்கு அனுப்ப வேண்டுமாம். முதல் நாள் போட்ட மருந்தின் அளவு ரத்தத்தில் நன்றாக இறங்கி, அடுத்த மாத்திரை உள்ளே போவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். அன்றைக்கு மாத்திரையைக் கையில் கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

"சாம்பிள் எடுக்குறாங்க" என்றான் அண்ணன், வெளியே வந்ததும். ஏலக்காய்க்காரனுக்கு அந்த வார்த்தை போதும். எங்கள் தொழிலே சாம்பிளில்தான் ஓடுகிறது.

குறித்த நாளில் விடிகிற நேரத்தில் கார் எடுத்துக்கொண்டு போனோம். உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். அண்ணன் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான், வரக் கொஞ்சம் நேரமாயிற்று. நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற பெண், இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். இல்லம்மா என்றான். எடுத்து முடித்ததும், சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி வாயில் போட்டு, நாக்கைத் தூக்கியும் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு வந்தபோது டாக்டரம்மாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. ரத்தத்தில் மருந்து போதுமான அளவு இருக்கிறது என்றார். நல்லதுதானே என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மருந்து போய்ச் சேர்ந்தும் நோய் இறங்கவில்லை என்றால், நோய் அந்த மருந்தைப் பழகிக்கொண்டது என்று அர்த்தமாம். நோய் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேறு ஒரு பரிசோதனை, அதற்குத் தகுந்த மாதிரி வேறு மாத்திரை. அந்த மாத்திரைகளில் சிலது இதைவிட வயிற்றை நம்பி இருப்பவை. அதுவும் கைகொடுக்காவிட்டால் எலும்பு மஜ்ஜை மாற்றுவது என்று ஒன்று இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாது என்று நம்பலாம், ஆனாலும் கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்துகிறதா என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது என்றார்.

கூடப் பிறந்தவள் நான்தான் என்றேன். அப்போதே எடுத்துவிடலாம் என்றார்கள். நான் கையை நீட்டினேன். அண்ணன் வாசலில் நின்று, ஊசி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. நோயை நினைத்துப் பயப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். காரில் திரும்பினோம். தேனி தாண்டியதும், "வலிச்சுச்சா?" என்று மட்டும் கேட்டான். ஊசிதானே என்றேன். எனக்கு அன்றைக்கு உள்ளூர நல்ல பயம். அண்ணன் செத்துப்போய்விடுவான் என்று முதல் தடவையாக நினைத்தது அந்தக் காரில்தான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போல இருக்கும். அவன் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை, இருக்கிற அரை இட்லியும் கால் இட்லி ஆகிவிட்டது, நீ வந்து கேளு என்று மதினி போன் செய்தாள். அவன் தோட்டத்திலேயே தங்கிவிட்டானாம். காலையில் ஆள் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு ஏறினேன். போடிமெட்டில் குளிர் முகத்தில் அடித்தது. வேலைக்குப் போகிற பெண்கள், உங்க அண்ணன் ரெண்டு நாளா யாரையும் திட்டவே இல்லை, என்ன ஆச்சு என்று என்னிடம் விசாரித்தார்கள்.

தோட்டத்து ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற கட்டடத்தில், அவன் இருந்தான். முந்தின நாள் காய் உலர்ந்து, தேய்த்துத் தூற்றி, சாக்கில் கட்டி நின்றது. ஒரு வியாபாரி வரப்போகிறார் என்று அண்ணன் ஒரு சாக்கைத் திறந்து வைத்து, முறத்திலிருந்து பருத்த, நல்ல பச்சை நிறக் காயாகப் பார்த்துப் பொறுக்கி, மேலே போட்டுக்கொண்டிருந்தான். இதை மலையில் யாரும் ஏமாற்று என்று சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நல்ல சேலை கட்டிக்கொள்கிற மாதிரி. வருகிற வியாபாரியும் மேலே இருப்பதைப் பார்த்து ஏமாற மாட்டார். முழங்கை வரை சாக்குக்குள் விட்டு, அடியிலிருந்து அள்ளி எடுத்து, லிட்டர் படியில் அளந்து எடை போட்டுத்தான் விலை பேசுவார். எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு அது.

"அந்தாளு அடியில கைவிட்டுத்தான் பார்க்கப் போறாரு. எதுக்குண்ணே இந்த அலங்காரம்?" என்றேன். பேச்சைத் தொடங்க வேண்டுமே என்பதற்காகச் சொன்னதுதான்.

அண்ணன் கையில் இருந்த காயைக் கீழே போட்டான். சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அன்னைக்கு உசிலம்பட்டியில மாத்திரை போட்டுட்டேன் தாயி" என்றான். "ஒண்ணு இல்ல. ரெண்டு."

எனக்கு முதலில் புரியவில்லை. என்றைக்கு, எந்த மாத்திரை என்று கேட்டேன். அப்புறம் புரிந்தது. டீக்கடைக்குப் பின்னால் முகம் கழுவப் போன இடத்தில், ரத்தம் எடுப்பதற்கு முன்னால், போடக் கூடாது என்று சொன்ன மாத்திரையை இரட்டையாகப் போட்டிருக்கிறான். வாய் வாயாகத் தண்ணீர் குடித்து அதை இறக்கத்தான் அவ்வளவு நேரம். ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டிப் போட்டது மூன்றாவது.

ஏன் என்று கேட்டேன்.

"அந்தம்மா என்னையப் பொய்யன்னு பார்த்துச்சு. நீயும் பார்த்த. உங்க மதினி வாயத் தொறந்து காட்டுன்னா. சாம்பிள்ள மருந்து கொறஞ்சு வந்துச்சுன்னா, இவன் திங்கவே இல்லைன்னுதான சொல்லுவீங்க எல்லாரும்? அதான்."

ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்டவன், போட்டதை நம்ப வைக்க ஏமாற்றியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்தில் இருந்த முறத்தை எடுத்து அவன் தோளிலேயே போட்டேன். உள்ளே இருந்த காயெல்லாம் சிதறியது. கூடப் பிறந்தவளுக்கு ஊசி குத்தும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தியே, அப்போ சொல்ல வாய் வரலையா என்று கேட்டேன். தோட்டத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

"அதப் பார்த்ததுல இருந்துதான் சோறு எறங்கல" என்றான் அண்ணன். "ஒன் எலும்புல ஊசி போடப் போறாங்கன்னு தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு இருந்தா, நானெல்லாம் மனுசனா?"

அப்போது அந்த வியாபாரி வந்துவிட்டார். கீழே சிதறிக் கிடந்த காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளினார்.

மறுநாளே மதுரைக்குப் போனோம். நானே சொல்கிறேன் என்றேன், அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனே உட்கார்ந்து, உசிலம்பட்டி டீக்கடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். டாக்டரம்மா முழுசாகக் கேட்டார். அவருக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்த முடிவை நம்பி மருந்தையே மாற்ற இருந்தேன், நல்ல மருந்தை வேண்டாம் என்று தள்ளியிருப்போம் என்றார். பிறகு, "நானும் உங்களை நம்பாமத்தான் கேட்டேன். முதல்லயே இந்த ஆபரேஷனைப் பத்தி நான் தோண்டிக் கேட்டிருக்கணும்" என்றார். அதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு அண்ணன் அவரிடம் குரலை உயர்த்தினதே கிடையாது.

மறுபடி ரத்தம் கொடுத்தோம். இந்தத் தடவை மதுரையிலேயே லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். மாத்திரை என் கைப்பையில், கைப்பை என் மடியில் இருந்தது. முகம் கழுவ அவன் போனால் கதவுக்கு வெளியே நான் நின்றேன். போலீஸ்காரி என்று திட்டினான். திட்டிக்கொள் என்றேன்.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் வேண்டிக்கொண்டது விசித்திரமானது. குறைவாக வர வேண்டும், குறைவாக வர வேண்டும் என்று கடையில் மிஷினுக்கு முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மருந்து குறைவாக இருந்தால், மருந்து தோற்கவில்லை, இன்னும் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். குறைவாகத்தான் வந்தது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. டாக்டரம்மா சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் அவர் அறையிலேயே சிரித்தோம். சாம்பிள் மட்டம் என்று கேட்டு அண்ணன் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

கோயம்புத்தூர் டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். ஒருத்தர் வயிற்றைப் பார்த்தார், ஒருத்தர் ரத்தத்தைப் பார்த்தார். அண்ணனை வைத்து இரண்டு பேரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். ஆபரேஷனை மாற்ற முடியாது, கொடுக்கிற விதத்தை மாற்றலாம் என்றார் டாக்டரம்மா. மருந்தின் அளவைக் கூட்டி, காலை மாலை என்று பிரித்தார். இந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாமாம். எல்லாப் புற்றுநோய் மாத்திரையையும் அப்படிச் செய்யக் கூடாது, சிலதை உடைப்பதே ஆபத்து, எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் செய்யாதீர்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். சாப்பிட்ட கையோடு அந்தத் தண்ணீரை வாய் வாயாகக் குடித்து முடிக்க வேண்டும். அடிக்கடி ரத்தத்தில் மருந்தை அளந்து, அதற்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைத்தார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்வதை மதினி நிறுத்தினாள். நோயின் அளவு மெல்ல அசைந்தது. அப்புறம் இறங்கத் தொடங்கியது. இப்போதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா இன்னும் முழுசாகச் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த பரிசோதனைக்கான இடைவெளியைக் கூட்டியிருக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. என் கையிலிருந்து எடுத்த ரத்தம். அண்ணன் உண்மையைச் சொன்னதும், மஜ்ஜை பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் ரத்தம் ஏற்கெனவே பரிசோதனைக்குப் போயிருந்தது. ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது அவரே போன் செய்தார். பொருந்தவில்லை என்றார். கூடப் பிறந்தவர்களிலேயே பல பேருக்குப் பொருந்தாது, நீங்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை, இப்போது தேவையும் இல்லை என்றார். அண்ணனிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் யோசித்தார். உங்கள் அண்ணனாகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகு வந்த ஆளுக்கு ஒரு பக்கத்துக்குப் பதிலாக ஒரு கட்டு ஜெராக்ஸ் போட்டுவிட்டேன்.

அண்ணன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வயிற்றில் பிறந்தது பொருந்தாமல் போகுமா என்று அவன் பாட்டுக்கு முடிவு செய்துவிட்டான்.

போன வாரம் தோட்டத்துக்கு அவனோடு ஜீப்பில் போனேன். முன் சீட்டில் இப்போது அவனும் நானும் தாராளமாக உட்காரலாம். போடிமெட்டில் நிறுத்தியதும் அரை இட்லியைப் பிட்டுத் தின்றுவிட்டு, மருந்து கரைத்த பாட்டிலை எடுத்து ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டிருந்தான். இன்னும் எத்தனை நாளைக்குண்ணே இந்தத் தண்ணி என்று டிரைவர் கேட்டார். இருக்கிற வரைக்கும்தான் என்றான் அண்ணன்.

"இது கைவிட்டாலும் எனக்கென்னப்பா? இந்தா, எந்தங்கச்சி இருக்கா" என்று என் தோளைத் தட்டினான். பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "என்ன தாயி, குடுப்பேல்ல?"

"மொதல்ல கையில இருக்கிறதக் குடிச்சு முடிண்ணே" என்றேன்.